மழை பார்க்காத வீடு

எங்கள் படுக்கையறைச் சுவரில் ஓர் ஆனை இருக்கிறது. மகள் வைத்த பெயர். 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அளவு ஓதமாகத் தொடங்கியது. அடுத்த வருட மழையில் கால் முளைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து போனபிறகு தும்பிக்கை தரைவரை இறங்கிவிட்டது. மூன்று முறை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாயிற்று. கோடை முழுக்க ஆனை தூங்கும், ஐப்பசியில் எழுந்துகொள்ளும். சுவரைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும்.

வீடு ஊரப்பாக்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். 2018 கடைசியில் முன்பணம் கொடுத்தோம். 2020 தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். தவணை இன்னும் பதினான்கு வருடம் பாக்கி.

வீடு வாங்கும் யோசனையில் இருக்கிற, என்னைவிட ஐந்தாறு வயது இளைய நண்பர்கள் யாராவது இதை வாசித்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது ஃப்ளாட் வாங்காதீர்கள். பழைய வீடு வாங்குங்கள், குறைந்தது பத்து மழைக்காலத்தைப் பார்த்த வீடு. கிடைக்கவில்லையா, வாடகையிலேயே இருங்கள், குடிமுழுகிப் போகாது. எங்கள் பக்கம் குடி முழுகுவதெல்லாம் சொந்தமாக வாங்கிய புது ஃப்ளாட்டுகளில்தான், அதுவும் சொல்லுக்குச் சொல் அப்படியே.

பழைய வீடு என்றவுடன் காரைக்குடித் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் முற்றத்து மழையும் வயலின் பின்னணி இசையும் உங்கள் மனதில் ஓடினால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ரீல்ஸுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நான் சொல்கிற பழைய வீடு 1991-இல் ஒரு ரயில்வே ஊழியர் பிஎஃப் பணத்தை உருவிக் கட்டியது. மொசைக் தரை, இரும்பு கிரில் கேட், சமையலறையில் கடப்பா மேடை, வாசலில் வேப்பமரம், பின்னால் உறைக்கிணறு. யாரும் நின்று போட்டோ எடுக்க மாட்டார்கள். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

2018-இல் எங்கள் முன்னால் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று அந்த மொசைக் வீடு. 1,500 சதுர அடி மனையோடு 47 லட்சம் சொன்னார்கள். இன்னொன்று ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் நான்கு தளம், தளத்துக்கு இரண்டாக எட்டு ஃப்ளாட். அதில் 900 சதுர அடி ஃப்ளாட் 36 லட்சம். தொள்ளாயிரத்தில் மாடிப்படியும் லிஃப்ட்டும் சுவரும் போக நான் கால் வைத்து நடக்கக்கூடியது 680 என்று பிற்பாடு டேப் வைத்து அளந்தபோது தெரிந்தது. நிலத்தில் என் பங்கு, யுடிஎஸ் என்பார்களே அந்தப் பிரிபடாத பாகம், 575 சதுர அடி. பதினோரு லட்சம் வித்தியாசம் பெரிய தொகைதான். ஆனால் அது காரணமில்லை. கொஞ்சம் முக்கியிருந்தால் புரட்டியிருக்கலாம்.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "யாரோ புழங்குன வீடு நமக்கு எதுக்குடா?" மாமியார் ஒரு படி மேலே போய், "எத்தனை சாவு பாத்த வீடோ" என்றார். வங்கியில், கட்டடத்துக்கு இருபத்தேழு வயது, வெறும் பஞ்சாயத்து அனுமதி, இதற்குக் கடன் கஷ்டம் சார் என்றார்கள். புது ஃப்ளாட்டுக்கோ எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தது. நான் சொல்லிக்கொண்ட காரணம் வேறு: நான் இன்ஜினியர், புதிய கட்டுமானம் பாதுகாப்பானது என்று எனக்குத் தெரியும். எனக்கு என்ன தெரியும்? நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ்.

கம்ப்யூட்டர் சயின்ஸே படித்திருந்தாலும் அதை ஒழுங்காக யோசித்திருக்கலாம். டெமோவில் ஓடுகிற மென்பொருளை நம்பி எந்த வங்கியும் தன் கணக்குகளை அதில் ஏற்றாது. எங்கள் வேலையில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே, இது எங்கே, எத்தனை நாளாக, எவ்வளவு பேர் உபயோகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான். இருபது வருடக் கடனில், வாழ்க்கையின் மிகப்பெரிய தொகைக்கு, ஒரு நாள்கூட ஓடாத ஒன்றை வாங்கினேன். பெயின்ட் வாசனையைப் பார்த்துத் தரம் என்று நினைத்தேன்.

கிரகப்பிரவேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் வைக்க மாட்டோம், மார்கழியில் கூடாது. தை பிறந்தால்தான் வரிசையாக நல்ல நாள். பில்டருக்கும் அது தெரியும், எங்கள் பக்கத்துச் சாவிகள் பாதிக்கு மேல் தையிலும் சித்திரை வைகாசியிலும்தான் கை மாறுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் மழை பெய்வது ஐப்பசி, கார்த்திகை. அதாவது வடகிழக்குப் பருவமழை மூட்டை கட்டிக்கொண்டு போன மறுவாரம் நீங்கள் குடிபோகிறீர்கள். அடுத்த ஒன்பது மாதம் அந்த வீடு எந்தத் தேர்வும் எழுத வேண்டாம். மொட்டைமாடித் தளம் ஒழுகுமா, கழிவறைக் குழாய் சுவருக்குள் கசியுமா, ஸ்டில்ட்டில் தண்ணி நிற்குமா, எதுவும் தெரியாது. தெரியவரும்போது முழுப் பணமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, எங்கள் கட்டடம் எப்போது எழுந்தது? 2019 கோடையில். சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஓஎம்ஆரில் சில நிறுவனங்கள் தண்ணீர் இல்லை என்று ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஒரு லாரி தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அந்த ஜூன் மாதம் எங்கள் மூன்றாம் தளத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். நான் போய் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன்.

கான்கிரீட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்டுக்குப் பத்து நாள் தொடர்ந்து நனைத்து வைக்கச் சொல்கிறது. இன்று வீட்டு வேலைக்கு வருகிற மூட்டைகள் பெரும்பாலும் சாம்பல் கலந்ததுதான். குடிக்கவே தண்ணி இல்லாத ஜூனில், என் மூன்றாம் தளத்துக்குப் பத்து நாள் தண்ணி ஊற்றியது யார்? இந்தக் கேள்வி எனக்கு 2021-இல்தான் தோன்றியது, ஆனையைப் பார்க்க வந்த மேஸ்திரி ஆணியால் பூச்சைச் சுரண்டியபோது. மாவு மாதிரி கொட்டியது. "தண்ணி குடிக்காத சுவரு சார் இது. இப்ப குடிக்குது," என்றார்.

மொசைக் வீட்டுக்காரரிடம் இதே விஷயத்தை வேறு கோணத்தில் கேட்டிருக்கிறேன். தாம்பரத்தில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு வாங்கவில்லை என்று சொல்லப்போனபோதுகூட காபி கொடுத்து உட்காரவைத்தார். "நைட் ட்யூட்டி முடிச்சு வந்து நேரா தளத்து மேலதான் ஏறுவேன் தம்பி. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தி வச்சிருப்போம். எங்க வீட்டம்மா கிணத்துல சேந்தி சேந்தி ஊத்தும். இருபத்தியொரு நாள்." பாலாற்று மணல், திருஷ்டிப் பூசணிக்காய், சென்ட்ரிங் பிரித்த அன்று விடிய விடிய தூங்காதது என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அவர் ஒரு முழு தர ஆவணத்தை வாய்மொழியாக ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருக்குக் கட்டடவியல் ஒன்றும் தெரியாது. அந்தக் கூரைக்குக் கீழே தானும் தன் பிள்ளைகளும் படுக்கப்போகிறோம் என்பது மட்டும் தெரியும். எனக்கு இந்த விவாதத்தில் எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் தொண்ணூறுகள் வரை எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை குடியிருக்கப்போகிறவன் கட்டியவை. இப்போது எழுபவை விற்கப்போகிறவன் கட்டுபவை. விற்பவனை நான் அயோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு அந்தக் கட்டடம் சாவி கொடுக்கும் நாள் வரை நின்றால் போதும், அதற்குப் பிறகான ஒவ்வொரு குடம் தண்ணீரும் அவன் கணக்கில் செலவு.

(பாலாற்று மணல் என்று சொன்னேன். அந்த மணலை அள்ளி அள்ளித்தான் பாலாறு இன்று இருக்கிற நிலைக்கு வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர் வீட்டுச் சுவரின் உறுதிக்கு ஓர் ஆறு விலை கொடுத்திருக்கிறது. அது இன்னொரு கட்டுரை. ஆனால் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய அந்தச் சுவரை இடித்துக் குப்பையில் கொட்டுவது இரண்டாவது பாவம்.)

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016-இல் வந்த ரேரா சட்டம் நல்ல சட்டம்தான். ஒப்பந்தம் போடாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் ஆணையமும் வந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் போகாவிட்டால், திட்டத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை.

எட்டு. எங்கள் கட்டடத்தில் எட்டு ஃப்ளாட். எதிர்த்த கட்டடத்திலும் எட்டு. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம் உள் தெருக்களில் ஒருமுறை நடந்து லெட்டர் பாக்ஸ்களை எண்ணிப் பாருங்கள். முன்பணம் கொடுக்கும்போது நானே கேட்டேன், ரேரா நம்பர் என்ன என்று. "அதெல்லாம் பெரிய ப்ராஜெக்ட்டுக்கு சார். நமக்கு அந்தத் தலைவலியே இல்ல," என்றார் பில்டர். அந்த 'நமக்கு'வில் நானும் அடக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். 2021-இல் போன் செய்தபோது வேறொருவர் எடுத்து, அந்த நிறுவனம் இப்போது இல்லை, புதுப் பெயரில் நடக்கிறது என்றார். நுகர்வோர் மன்றம் இருக்கிறது, போகலாம். எட்டு பேரில் போகலாம் என்று சொன்னது இரண்டு பேர்.

நிலத்துக்கு வருவோம். செங்கல்பட்டுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். எங்களுக்கு மேற்கே ஆதனூர் ஏரிப் பக்கம்தான் அடையாறு உருவெடுக்கிறது. 2015-இல் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியதே, அந்தத் தண்ணீர் எங்கள் கொல்லையிலிருந்து கிளம்பியதுதான். இப்படிப்பட்ட ஊரில் வீடு கட்ட வருகிறவன் முதலில் எங்கே கட்டுவான்? மேட்டில். இரண்டாவதாக வருகிறவன்? மிச்ச மேட்டில். முப்பது வருடம் கழித்து வருகிற பில்டருக்கு மிச்சம் இருப்பது, முன்னால் வந்த எல்லோரும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்ட இடம். விதிவிலக்கு இருக்கலாம், ஆனால் புறநகரில் புது வீடு என்றால் அநேகமாகத் தாழ்ந்த வீடு.

ரயில்வே பெரியவர் தன் காம்பவுண்ட் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். 2015 டிசம்பரில் தண்ணி நின்ன உயரம். சாக்கட்டியால் தேதி போட்டு, பிறகு மழையில் அழிகிறது என்று ஆணியால் கீறி வைத்திருந்தார். வாசலில் மூன்று படி, தண்ணி ஒரு படி ஏறி நின்றுவிட்டது. அப்படியே கையை நீட்டி, அரை கிலோமீட்டர் தள்ளி நாங்கள் வாங்கப்போகும் இடத்தைச் சொன்னார். "நான் வந்தப்போ அங்கெல்லாம் நெல்லு தம்பி. ஏரிப் பாசனம்." விலை படியாத கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் எதையும் விற்க முயலவில்லை, அப்போதே வேறு ஆள் பேசிவிட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் பத்திரத்தில் மனை என்று இருந்தது. தாய்ப் பத்திரத்தைப் பின்னோக்கிப் புரட்டினால் எண்பதுகளில் அது நஞ்சை. பத்திரம் முழுசாக என் கையில் இருந்தது, நான் வில்லங்கச் சான்றின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

மிக்ஜாமில் எங்கள் ஸ்டில்ட்டில் இடுப்பளவு தண்ணி. லிஃப்ட் மோட்டார் போனது, ஏழு பைக், மூன்று கார், சம்ப்புக்குள் சாக்கடை. பெரியவரின் தெருவில் கணுக்கால்.

அரசாங்கம் யார் பக்கம்? 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது ஃப்ளாட்டை பில்டரிடமிருந்து முதல்முறை வாங்கினால், 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. அதே ஃப்ளாட்டை அடுத்த ஆளிடமிருந்து பழையதாக வாங்கினால் 7-உம் 2-உம். 45 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் புதுசுக்கு 2,70,000 ரூபாய், பழசுக்கு 4,05,000. கட்டிக்கொண்டிருக்கும்போதே புதுசை வாங்கினால் ஜிஎஸ்டி உண்டு (சாலையைச் சொல்லவில்லை, வரியை), சாதாரணமாக 5 சதவீதம், குறைந்த விலை வீடுகளுக்கு 1. நிறைவுச் சான்று வந்த வீட்டுக்கு அதுவும் இல்லை. ஒரு வீட்டை இடிக்காமல், புதிதாக ஒரு மூட்டை சிமென்ட்டும் செலவழிக்காமல், இருப்பதை எடுத்துக் குடிபோகிறவனுக்கு நாம் கொடுக்கிற பரிசு, கூடுதல் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். இதை ஒரு கட்சிகூடப் பேசி நான் கேட்டதில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. பழைய வீடும் விழும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், தொண்ணூறுகளில் கட்டிய வாரியக் குடியிருப்பு ஒன்று 24 வீடுகளோடு சரிந்தது. ஆனால் அங்கே ஒருவரும் சாகவில்லை. விரிசல் பெரிதாவதைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள். பழைய கட்டடம் விழுவதற்கு முன் பேசியது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில், கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த, முறையாக அனுமதி வாங்கிய பதினொரு மாடிக் கட்டடம் 61 பேரை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதற்குப் பேசுவதற்கு வயசே ஆகவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கனமான வாதம். 2002-இல் நிலநடுக்கத் தர விதி திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. அதற்குப் பிந்தைய கட்டடங்கள் கூடுதல் பலத்துக்கு வடிவமைக்கப்பட வேண்டும். புதுசுக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த ஒரே உண்மையான பொறியியல் காரணம் இது. ஜப்பான்காரர்கள் பழைய வீட்டைத் தொட மறுப்பதற்கு இதைப்போல ஒரு காரணம் உண்டு. 1981-இல் அங்கே நிலநடுக்க விதி மாறியது, அதற்கு முந்தைய வீடென்றால் யோசிப்பார்கள். வரிக் கணக்கில் மரவீட்டின் ஆயுள் அங்கே 22 வருடம்தான். விளைவு, 2023 கணக்கெடுப்பில் தொண்ணூறு லட்சம் காலி வீடுகள். ஆனால் ஜப்பானில் விதி மாறினால் கட்டடம் மாறும். என் எட்டு ஃப்ளாட் கட்டடத்தில் மூன்றாம் மண்டல விதிப்படி கம்பி கட்டினார்களா என்று எந்த அதிகாரி வந்து பார்த்தார்? காகிதத்தில் இருக்கும் பலம் சுவருக்குள் போய்ச் சேர, நடுவில் ஒருவர் வெயிலில் நிற்க வேண்டும்.

செலவும் உண்டு. மொசைக் வீட்டுக்கு வயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும், துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் பிடுங்க வேண்டும், மாடியில் தட்டோடு புதிதாகப் பதிக்க வேண்டும். நாலு லட்சம் ஆகும் என்று அன்றே ஒரு மேஸ்திரி கணக்குச் சொன்னார். அந்த நாலு லட்சம் எங்களைப் பயமுறுத்தியது. புது ஃப்ளாட்டில் அந்தத் தொகை எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் லிஃப்ட், சம்ப், பெயின்ட், ஓதத்துக்கு ரசாயனப் பூச்சு என்று எங்கள் பங்குக்கு மூன்றைத் தாண்டிவிட்டோம்.

இனி எழுதத் தயங்கிய பகுதி. அம்மாவின் "யாரோ புழங்குன வீடு."

புழங்குதல் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யாரோடு புழங்கலாம், யாரோடு கூடாது, யார் புழங்கிய பாத்திரம். நாம் புது வீட்டை விரும்புவதற்குக் கான்கிரீட்டின் வயதோ வாஸ்துவோ காரணம் இல்லை. அடுப்பில் யார் என்ன சமைத்தார்கள், தரையில் யார் படுத்தார்கள் என்ற கேள்வியே எழாத ஓர் இடம் வேண்டும். 'பிராண்ட் நியூ' என்பது தீட்டுப்படாததற்கு ஆங்கிலப் பெயர். ஐடியில் வேலை பார்க்கும், சாதி பார்க்காத, வாசிப்புப் பழக்கமுள்ள நானும் இந்தக் காரணத்துக்கு மேல் 'இன்ஜினியரிங்' என்று ஒரு கோட்டிங் அடித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சுவரில் அடித்ததைவிட அது நன்றாக ஒட்டியது.

இதை என் அலுவலக நண்பன் ஒருவனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சுயவிமர்சனம் செய்துகொள்வதில் ஒரு பெருமை வரும் இல்லையா, அந்தப் பெருமை. அவன் இஸ்லாமியன். மேடவாக்கம் பக்கம் புது ஃப்ளாட் வாங்கியவன். சிரித்துவிட்டான்.

"மச்சி, நீ பழைய வீடு பாத்தப்போ அந்தப் பெரியவர் உன்கிட்ட காபி குடிக்கச் சொன்னார்ல? நான் பதினாலு பழைய வீடு பாத்தேன். போன்ல பேரு சொன்னவுடனே ஒன்பது வீடு வித்துப்போச்சு. ரெண்டு பேரு, எங்களுக்கு ஒண்ணும் இல்ல, தெருவுல ஒத்துக்க மாட்டாங்கன்னாங்க. பில்டர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், சேலரி ஸ்லிப். எனக்கு ஒழுகுற வீடு பரவாயில்ல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லா பில்டரும் சேலரி ஸ்லிப்போடு நிறுத்திக்கொள்வதில்லை, பெயரைக் கேட்டதும் 'எல்லாம் புக் ஆயிடுச்சு' என்கிறவர்களையும் அவன் பார்த்திருக்கிறான். ஆனாலும் அவன் சொன்னதில் கணக்கு சரிதான். பழைய வீட்டை விற்பவன் தெருவையும் சேர்த்தே விற்கிறான், தெருவுக்கு யாரை ஏற்றுக்கொள்வது என்ற உரிமையை அவன் கைவிடவே இல்லை. என் பழைய வீட்டு வாதம் எனக்குத்தான் பொருந்தும், என்னைப்போல் காபி கொடுத்து உட்காரவைக்கப்படுகிறவர்களுக்குத்தான் பொருந்தும். இந்தக் கட்டுரையைக் கைவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கைவிடவில்லை. வாசிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் காபி கிடைக்கிறவர்கள்தான், அவர்களுக்குச் சொல்ல வேண்டியது மாறவில்லை. அவனுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் இதை எழுதி முடிக்க என்னை உட்காரவைத்தது வேறு விஷயம். மிக்ஜாம் வடிந்த மூன்றாம் நாள் எங்கள் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஸ்டில்ட் தண்ணீர் போட்டோக்களை யாரும் வெளியே பகிர வேண்டாம், வேல்யூ போய்விடும். கீழே ஏழு கட்டைவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பு ஞாபகம் இருக்கிறதா? வாரியம் புதிதாகக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி. குடிவந்த மக்கள் கேமரா முன்னால் சுவரைக் கையால் தட்டினார்கள், பூச்சு உதிர்ந்தது. ஊரே பார்த்தது, சட்டமன்றம் வரை போனது, ஐஐடி ஆய்வு செய்தது. அந்த வீடியோவை நான் என் ஆனைச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் பார்த்தேன். அவர்கள் தட்டிக் காட்டினார்கள், நாங்கள் பட்டி பார்த்து மூடுகிறோம். அவர்களுக்கு அது குடியிருக்கும் இடம், எங்களுக்கு விற்கப்போகும் பொருள். குடிவந்த நாளிலேயே நாங்களும் விற்கப்போகிறவர்களாக மாறிவிட்டோம், பில்டரின் வேலையைச் சம்பளமில்லாமல் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறோம். ஊரப்பாக்கத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணி நிற்கும் என்பது அந்தத் தெருவில் ஃப்ளாட் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். வாங்க வருகிறவனுக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் சதுர அடிக்கு ஆறாயிரம் நிற்கிறது.

பெரியவரின் மொசைக் வீடு இப்போது இல்லை. மகனோடு கோவைக்குப் போய்விட்டார். 2022-இல் ஜேசிபி வந்து ஒன்றரை நாளில் முடித்தது. வேப்பமரத்தை முதல் நாளே எடுத்துவிட்டார்கள். உறைக்கிணற்றை மூட வெளியிலிருந்து மண் கொண்டுவரவில்லை, வீட்டின் இடிபாட்டையே தள்ளி நிரப்பினார்கள். கீறல் போட்ட காம்பவுண்ட் சுவரும் அதற்குள்தான் போயிருக்க வேண்டும். பக்கத்து மனையையும் சேர்த்துக்கொண்டு கட்டியிருக்கிறார்கள், ஸ்டில்ட் பிளஸ் நாலு. லெட்டர் பாக்ஸ் எட்டு. பேனரில் 'கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து ஐந்தே நிமிடம்'.

போன ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போனபோது அந்த பேனருக்குக் கீழே ஒரு ஜோடி நின்றுகொண்டிருந்தது. இருபத்தெட்டு, முப்பது இருக்கும். அந்தப் பெண் என்னை நிறுத்தி, "அண்ணா, இந்த ஏரியாதானா நீங்க? இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டாள். கணவன் சங்கடத்தோடு, பில்டர்தான் நிக்காதுன்னு சொன்னாரேம்மா என்றான்.

அந்தத் தெருவில் 2015-இல் ஒரு படி ஏறி நின்றது என்று சொன்னேன். மிக்ஜாமுக்குக் கணுக்கால், ஆனால் வேப்பமரமும் கிணறும் இருந்த காலத்து நிலம் இப்போது முழுக்க சிமென்ட், இனிமேல் எப்படி என்று தெரியாது என்றேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். கையைக் காட்டினேன். அங்கே நிக்குமா? கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இடுப்பளவு என்றேன். நேரமிருந்தால் வந்து சுவரைப் பாருங்கள் என்றும் சொன்னேன். வந்தார்கள். மகள் கூட்டிக்கொண்டு போய் ஆனையைக் காட்டினாள்.

பேசிக்கொண்டிருந்ததைக் கீழ் ஃப்ளாட்காரர் பார்த்திருக்கிறார். சாயங்காலம் குழுவில் செய்தி வந்தது: வெளியாட்களை அழைத்து வருவது குறித்து அடுத்த வாரம் கூட்டத்தில் விவாதிக்கப்படும்.